பின் சீட்டு

ஜனவரி 9

நொட்டாங்கைக்கு,

என்னைப் பின் சீட்டில் உட்கார வைக்கத்தான் நீ அந்த ஸ்கூட்டரை வாங்கினாய்.

இதை நான் கேள்வியாகக் கேட்கவில்லை. அதனால் பதில் தேடி மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். அன்றைக்கு வேலை முடிந்து வந்து கேட்டைத் திறக்கிறேன். உன் சிவப்பு பைக் இல்லை. என் நீல பைக்கும் இல்லை. இரண்டும் நின்ற இடத்தை அடைத்துக்கொண்டு, முன்னால் கண்ணாடி வைத்து, வயிறு தள்ளி, ஏதோ கல்யாணமாகாத பெரியப்பா மாதிரி அது நிற்கிறது. நீ ஒரு துணியை வைத்துத் துடைத்துக்கொண்டிருந்தாய். புது வண்டியில் துடைக்க என்ன இருக்கிறது? என் முகத்தைப் பார்க்காமல் இருக்கத் துடைத்தாய்.

அத்தை வாசலில் நின்று சொன்னார்: "இப்பதாம்மா குடும்ப வண்டி மாதிரி இருக்கு. இனிமே நீ பின்னாடி நிம்மதியா உக்காந்து வரலாம்."

நீ துடைத்துக்கொண்டே இருந்தாய். நீ விற்றது என் நீல வண்டி. என் சம்பளத்தில் வாங்கியது. கல்யாணத்துக்கு முன் அதை வாங்க நாம் போனபோது, ஷோரூமில் அந்த ஆள் என்னைத் தாண்டி உன்னைப் பார்த்து, "சார் பேர்லயே போட்டுடலாம், பின்னாடி லேசு"ன்னான். நானும் மண்டையை ஆட்டினேன். எதற்கு லேசு என்று இப்போதுதான் புரிகிறது. என் கையெழுத்தே இல்லாமல் விற்க லேசு.

அந்த வண்டிக்காக என் அப்பா என்னோடு பேச்சை நிறுத்தினார். தெருவில் எத்தனை வாய், எத்தனை பல் இளிப்பு. எல்லாவற்றுக்கும் நடுவில் நீ ஒருத்தன்தான், "அவ ஓட்டறா, உனக்கு எங்க வலிக்குது?"ன்னு கேட்டவன். அந்த ஆளைத்தான் நான் கட்டிக்கொண்டேன். அவன் எங்கே போனான்?

எங்கள் டயர் கம்பெனியின் இந்த ஊர்க் கிடங்குக்கு மாற்றல் வாங்கிக்கொண்டேன். பெண்கள் விடுதியில் ஒரு கட்டில். உன் நம்பரை அடைத்துவிட்டேன். பேசினால் நீ சிரிப்பு மூட்டி ஏமாற்றிவிடுவாய். தாளில் சிரிப்பு மூட்டுவது கஷ்டம். எழுது.

என் வண்டியை யாருக்கு விற்றாய்?

வத்தி


ஜனவரி 21

வத்திக்கு,

உன் கடிதம் வந்தது. தபால்காரர் கவரை நுனியில் பிடித்துத்தான் கொடுத்தார், அவ்வளவு சூடு. உரசினால் பற்றிக்கொள்கிறவளுக்கு வத்தி என்று நான் பேர் வைத்தது சரிதான்.

நீ நினைப்பதுபோல் ஒன்றும் இல்லை. எனக்கு முப்பத்தெட்டு ஆகிறது. குனிந்து குனிந்து ஓட்டி முதுகு கேள்விக்குறியாகிவிட்டது. இதில் நாற்காலியில் உட்கார்ந்த மாதிரி போகலாம். காலை நீட்டிக்கொள்ளலாம். காற்று முகத்தில் அடிக்காது. சீட்டுக்கு அடியில் ஒரு பெட்டி இருக்கிறது, இரண்டு ஹெல்மெட் வைக்கலாம். திறந்தால் ஃபிரிட்ஜ் மாதிரி விளக்கு எரிகிறது. அம்மா இரண்டு தடவை திறந்து திறந்து பார்த்தாள்.

பஞ்சர் கடைக்காரன் கேட்டான், "என்னண்ணே, சோபாவுக்குச் சக்கரம் வச்சுட்டாங்களா?" "ஆமாப்பா, டிவி தனியா வருது"ன்னேன்.

முதல் நாள் ஒரு கூத்து. சிக்னலில் நிற்கப்போகிறேன். பழக்கதோஷம், இடது கை கிளச்சைப் பிடிக்கிறதாக நினைத்து அழுத்திப் பிடித்துவிட்டது. இதில் அங்கே இருப்பது பின் பிரேக். சக்கரம் பூட்டிக்கொண்டு வால் ஒரு ஆட்டு ஆட்டியது. பின்னால் வந்த வேன்காரர் தலையை நீட்டி, "ஓட்டத் தெரியலேன்னா தள்ளிக்கிட்டுப் போ பெரிசு"ன்னார். பெரிசாம்! பதினெட்டு வயதில் ஹேண்டிலைப் பிடித்தவனைப் பார்த்து.

அம்மா சொன்னதை நான் சொன்னதாக எழுதாதே. அவள் வாய், அவள் பேச்சு. நான் அப்படி நினைக்கவில்லை.

உன் வண்டியை ஒரு வியாபாரி எடுத்துக்கொண்டார். அதற்கு மேல் எனக்குத் தெரியாது. விடு, வண்டிதானே. நீ வந்தால் வேறு வாங்கிக்கொள்ளலாம்.

சாப்பிடுகிறாயா? விடுதியில் போர்வை கொடுக்கிறார்களா? இங்கே காலையில் நல்ல குளிர்.

நொட்டாங்கை


பிப்ரவரி 3

வண்டிதானே என்று எழுதினாயே, அந்த ஒரு வார்த்தைக்காகவே இந்தக் கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு மறுபடி எழுதுகிறேன். இது மூன்றாவது தாள்.

வண்டிதானே. ஆமாம். ராத்திரி ஷிப்ட் முடிந்து பஸ் இல்லாத சாலையில் என்னைத் துரத்திக்கொண்டு வந்த காரை விட்டு விலகி என்னை வீட்டில் சேர்த்தது வண்டிதானே. மலை ரோட்டில் என்னை முந்தவிடாமல் மறித்த ஆம்பளைகளை ஒவ்வொருத்தனாகக் கண்ணாடியில் சின்னதாக்கிக் காட்டியது வண்டிதானே. உனக்கு முதுகு வலித்தால் உன் வண்டியை விற்றிருக்க வேண்டும். உன் முதுகுக்கும் என் வண்டிக்கும் என்ன சம்பந்தம்? தலைவலி உனக்கு, மாத்திரை எனக்கா?

நேற்று மீசை எங்கள் கிடங்குக்கு வந்தார். நம் ஞாயிற்றுக்கிழமை பைக் கூட்டத்தில் முன்னால் போவாரே, அவரேதான். பின் டயர் எடுக்க வந்தவர் என்னைக் கண்டதும் பதறி, கையில் இருந்த டீயைச் சட்டையில் கொட்டிக்கொண்டார். வாயைக் கிளறினேன்.

"உங்க ஆளு அந்த ஸ்கூட்டர்ல எதிர்ல வந்தாரும்மா. கைய எறக்கிக் காட்டினாரு. நாங்க யாரோன்னு நினைச்சுட்டோம்."

பொய். உன் ஹெல்மெட்டில் மஞ்சள் பட்டை தீட்டியது நான். ஒரு மைல் தூரத்தில் தெரியும். எதிரே பைக் ஓட்டுகிறவன் வந்தால் இடது கையை இறக்கி இரண்டு விரல் காட்ட வேண்டும், அது மரியாதை. முன்பின் தெரியாதவனுக்குக்கூடக் காட்டுவார்கள். நீ காட்டியிருக்கிறாய், ஒருத்தன்கூடத் திருப்பிக் காட்டவில்லை. வண்டியிலும் சாதி வைத்திருக்கிறார்கள், அற்பர்கள். எனக்கு உன்மேல் இருந்த கோபத்தில் பாதி அந்த நிமிஷம் அவர்கள்மேல் போய்விட்டது. பாதிதான்.

போகும்போது சொன்னார்: "வளைவுல விழுந்துட்டாராமே, இப்ப பரவாயில்லையா?" எனக்குத் தெரிந்த மாதிரியே, "பரவாயில்லை"ன்னேன். கட்டினவளுக்குத் தெரியாது, கண்டவனுக்கெல்லாம் தெரிகிறது.

எப்படி விழுந்தாய்? நீ விழுகிற ஆளில்லை. மழையில், மணலில், அந்தப் பாறைச் சரிவில்கூட விழாதவன், சோபாவில் போய் விழுந்தாயா?

இன்னொன்று. உன் கையெழுத்து ஏன் கோழி கிளறின குப்பை மாதிரி இருக்கிறது? இடது கைக்காரனுக்கு இவ்வளவு அழகான எழுத்தா என்று நம் கல்யாணத்துக்கு முன் ஆச்சரியப்பட்டிருக்கிறேன். குடிக்கிறாயா? இல்லை, எனக்கு எழுத இவ்வளவு அவசரமா?

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்காதே. நடந்ததை எழுது.

வத்தி


பிப்ரவரி 24

வத்திக்கு,

இந்தக் கடிதத்தை ஒரே மூச்சில் எழுதவில்லை. கொஞ்சம் எழுதுவேன், வைப்பேன். பேனாவை ஒரு பழைய ஹேண்டில் ரப்பரை வெட்டி அதற்குள் செருகிப் பிடித்திருக்கிறேன். தடிமனாக இருந்தால்தான் நழுவாமல் நிற்கிறது.

குடிக்கவில்லை. கை போய்விட்டது.

வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. இருக்கிற இடத்தில் எல்லா விரலும் இருக்கிறது. ஆனால் இடது கையில் மூன்று விரலுக்குத் தொட்டது தெரியவில்லை. குளிரில் நுனி மெழுகு மாதிரி வெளுத்துப்போகும். பிறகு எறும்பு கடிக்கிற மாதிரி எரிந்துகொண்டு ரத்தம் திரும்பும். போன வருஷக் குளிரிலேயே ஆரம்பித்தது. சட்டைப் பொத்தானைப் போட நான் அவ்வளவு நேரம் எடுப்பதைப் பார்த்து நீ, "என்ன, மாப்பிள்ளை அலங்காரமா?"ன்னு கேட்டாயே. நான் சிரித்தேன்.

வார்ப்படப் பட்டறையில் நான் என்ன செய்கிறேன் என்று உனக்குத் தெரியும். அச்சிலிருந்து வந்த இரும்பில் பிசிறு இருக்கும். கை மெஷினைப் பிடித்துத் தேய்த்து எடுக்க வேண்டும். நாள் முழுக்க அது கைக்குள் அதிரும். வேலை முடிந்த பிறகும் அதிர்ந்துகொண்டே இருக்கும். முன்பெல்லாம் எங்கள் பிரிவில் மெஷினுக்கு இரண்டு பேர், மாற்றி மாற்றிப் பிடிப்போம். ஆளைக் குறைத்தார்கள். மெஷினைக் குறைக்கவில்லை. கம்பெனி டாக்டரிடம் காட்டினேன். "குளிருக்கு ரத்தம் சுண்டுது, கையுறை போடுங்க"ன்னு அனுப்பிவிட்டார். எனக்குப் பக்கத்து மேஜைக்காரர் ஒருத்தர், இது மெஷினால வருது என்று சத்தமாகச் சொன்னார். அவரை முதலில் கூட்டிப் பெருக்கப் போட்டார்கள், அப்புறம் கேட்டுக்கு வெளியே போட்டார்கள். இப்போது எங்கள் பிரிவில் எல்லோரும் கையைப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டுதான் டீ குடிக்க வருகிறோம். யாரும் யாருடைய விரலையும் பார்ப்பதில்லை.

ஒரு நாள் உன் வண்டியை எடுத்துக்கொண்டு பெட்ரோல் போடப் போனேன். சிக்னலில் முதல் கியரில் கிளச்சைப் பிடித்தபடி நிற்கிறேன். பிடித்திருப்பதாக நான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். விரல் எப்போது நழுவியது என்றே தெரியவில்லை. வண்டி துள்ளிப் பாய்ந்தது. குறுக்கே ஒரு அம்மா, இடுப்பில் குழந்தை. அவள் முட்டியில் டயர் உரசி நின்றது. வலது கைப் பிரேக்கின் புண்ணியம். அவள் என்னைத் திட்டவில்லை. குழந்தையின் தலையை மறைத்துக்கொண்டு அப்படியே நின்றாள். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அன்றோடு கிளச் உள்ள வண்டியை ஓட்டக் கூடாது என்று முடிவு செய்தேன். கிளச் இல்லாததில் கொஞ்சம் கௌரவமாக இருப்பது இந்தப் பெரிய ஸ்கூட்டர்தான்.

என் வண்டியை விற்றதற்குக் காரணம் இவ்வளவுதான். உன் வண்டியை விற்றதற்கு வேறு காரணம். அதை எழுதத்தான் இத்தனை நாள்.

உன் வண்டி அங்கே நின்றால் என்ன ஆகும்? ஞாயிற்றுக்கிழமை வரும். நீ சாவியை எடுப்பாய். என் கையைப் பற்றி உனக்குத் தெரிந்தால், "சரி, ஏறு"ன்னு சொல்லுவாய். நான் பின்னால் ஏறி உன் இடுப்பைப் பிடித்துக்கொண்டு மீசைக்கும் அந்தக் கூட்டத்துக்கும் முன்னால் போய் இறங்க வேண்டும். தெரு பார்க்கும். பஞ்சர் கடை பார்க்கும். உன்னைப் பின்னால் உட்கார வைக்க நான் அந்த ஸ்கூட்டரை வாங்கவில்லை, வத்தி. நான் பின்னால் உட்காரக் கூடாது என்றுதான் வாங்கினேன்.

எழுதிவிட்டேன். எழுதிய பிறகு பார்த்தால் இதைச் செய்தவன் யாரோ மாதிரி இருக்கிறது. நான்தான்.

வளைவில் விழுந்ததும் அந்த இடது கையால்தான். எதிரே லாரி. பயத்தில் கை கிளச்சைத் தேடி அழுத்தியது, பின் சக்கரம் பூட்டியது. முழங்கால் சிராய்ப்பு. ஆறிவிட்டது.

நொட்டாங்கை


மார்ச் 1

இதை நீ முகத்துக்கு நேராகச் சொல்லியிருந்தால் நான் உன்னை அறைந்திருப்பேன். அப்புறம் உன் கையை மடியில் வைத்துக்கொண்டு அழுதிருப்பேன். இரண்டையும் செய்ய முடியாத தூரத்தில் உட்கார வைத்துவிட்டு எழுதுகிறாய்.

முதலில் கோபம், ஏனென்றால் எனக்கு அதுதான் கைவந்த விஷயம்.

பின்னால் உட்காருவது உனக்கு மானம் போகிற காரியம் என்கிறாய். அப்படியென்றால் எனக்கு மட்டும் அது எப்படிப் பொருந்தும் என்று நினைத்தாய்? உன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமைகூடத் தாங்க முடியாததை எனக்கு ஆயுளுக்கும் வாங்கிக்கொண்டு வந்து வாசலில் நிறுத்தினாய். துணியால் துடைத்தும் வைத்தாய். "அவ ஓட்டறா, உனக்கு எங்க வலிக்குது"ன்னு ஊரைக் கேட்டவனுக்கே வலித்திருக்கிறது. நன்றாக ஓட்டுகிற ஆம்பளைக்குப் பக்கத்தில் நன்றாக ஓட்டுகிற பெண்டாட்டி, அது உனக்குப் பெருமை. அவனால் முடியாதபோது அவள் ஓட்டினால் கேவலம். அத்தை பரவாயில்லை, மனதில் இருப்பதை வாசலில் நின்று சொன்னார்.

கோபம் முடியவில்லை. ஆனால் நடுவில் அந்த மெழுகு விரல் வந்து வந்து நிற்கிறது.

என் பக்கத்துக் கட்டில்காரி ஆஸ்பத்திரியில் பிசியோதெரபி பிரிவில் இருக்கிறாள். உன் பெயரைச் சொல்லாமல் கேட்டேன். பாறை உடைக்கிறவர்கள், மெஷின் பிடிக்கிறவர்கள் நிறையப் பேர் வருகிறார்களாம். "போன உணர்ச்சி முழுசா திரும்பாதுக்கா. ஆனா இப்ப மெஷினை விட்டா இதோட நிக்கும். விடாம பிடிச்சா விரலே அழுகற அளவுக்குப் போகும், பார்த்திருக்கேன்"ன்னாள். சாதாரணமாகச் சொன்னாள், பல் தேய்த்துக்கொண்டே. நான் போர்வைக்குள் போய்விட்டேன்.

உன் கடிதத்தில் எல்லாம் இருக்கிறது. ஒன்று மட்டும் இல்லை. வேலையை விட்டேன் என்று இல்லை. இன்னும் அதே மெஷினையா பிடிக்கிறாய்?

பிடித்தால் நிறுத்து. தொழிலாளர் அலுவலகத்துக்குப் போவோம். நீ கையைக் காட்டு, பேசுவதை நான் பேசுகிறேன். அந்தப் பக்கத்து மேஜைக்காரரையும் கூட்டிக்கொள்வோம். உங்கள் கையைத் தின்று உங்கள் முதலாளியின் இரும்பு வழவழப்பாகிறது. நீங்கள் பாக்கெட்டில் கையை ஒளித்துக்கொள்கிறீர்கள், திருடினவர்கள் மாதிரி. திருடினது யார்?

எழுது. பெரிதாக, கோணலாக எழுது. நான் படித்துக்கொள்வேன்.

வத்தி


மார்ச் 13

வத்திக்கு,

இதே மெஷின்தான். இதே மேஜைதான்.

அலுவலகம் வேண்டாம். நான் கையைக் காட்டினால் மற்றவர்கள் கையையும் பிடித்துப் பார்ப்பார்கள். வெளுத்தவனையெல்லாம் வெளியே அனுப்புவார்கள். ஒருத்தன் வீட்டில் கைக்குழந்தை, ஒருத்தன் வீட்டில் இரண்டு பேர் படுக்கையில். அவர்களே வந்து என்னிடம் கேட்டுக்கொண்டார்கள், "உன் வீட்டம்மா சண்டைக்காரி, அவங்களுக்குத் தெரிய வேண்டாம்"ன்னு. உன் பெயர் பட்டறை வரைக்கும் இருக்கிறது. எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

எனக்குத் தெரிந்தது இரண்டு. ஓட்டுவேன். பிசிறு எடுப்பேன். ஒன்று போய்விட்டது. மற்றதையும் கீழே வைத்தால் நான் யார்? வீட்டில் உட்கார்ந்து நீ கொண்டுவருவதைச் சாப்பிடுகிறவன். அப்படி இருப்பதைவிட விரல் போனால் போகட்டும்.

நீ சொன்னதெல்லாம் சரி. பின் சீட்டைப் பற்றி எழுதினாயே, அதைவிடச் சரியாக யாரும் என்னைச் சொன்னதில்லை. சரி என்று தெரிகிறது, ஆனால் அந்த மனிதனை உள்ளேயிருந்து வெளியே இழுத்துப் போட முடியவில்லை. முயன்று பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

முதல் கடிதத்தில் கேட்டதற்குப் பதில். உன் வண்டியைப் பிரித்து விற்றுவிட்டார்கள். நான் போய்க் கேட்டேன், திரும்ப வாங்கலாம் என்று. எஞ்சின் ஒரு இடம், சக்கரம் ஒரு இடம். டேங்க் மட்டும் அங்கே கிடந்தது, சாயம் சுரண்டி. எடுத்துவரத் தோன்றியது. எடுத்துவந்து எதில் பொருத்துவது என்று வந்துவிட்டேன்.

நீ அங்கேயே நன்றாக இரு. வேறு வண்டி வாங்கிக்கொள். உன் பெயரில் போடு.

நொட்டாங்கை


மார்ச் 17

எனக்கு விடுதலை கொடுக்கிறாயா? நான் கேட்டேனா?

என்னிடம் ஒரு தடவை கேட்காமல் வண்டியை விற்றாய். இப்போது கேட்காமல் என்னை அனுப்புகிறாய். உன் முடிவு, உன் மானம், உன் விரல். நான் எங்கே வருகிறேன் இதில்? அந்த விரல் உன்னுடையது மட்டுமா? என் தலையில் எண்ணெய் வைத்த விரல் அது. என் கன்னம் அதற்கு இப்போது தெரியாது.

நான் சம்பாதித்து நீ சாப்பிட்டால் என்ன? கல்யாணமான புதிதில் நீங்கள் வேலைநிறுத்தம் செய்து வீட்டில் இருந்தபோது சாப்பிட்டாயே. அப்போது இனித்தது, "என் பொண்டாட்டி சிங்கம்"ன்னு ஊரெல்லாம் சொன்னாய். அது போராட்டம், இது இயலாமை, அதுதானே? இரண்டுக்கும் ஒரே முதலாளிதான் காரணம், முட்டாளே.

வண்டி போனது போகட்டும். எனக்கு அழுகை வந்தது. மறைக்கவில்லை, கிடங்கில் டயர் அடுக்குக்குப் பின்னால் நின்று அழுதேன். அது தகரம். தகரத்துக்கு அவ்வளவு போதும்.

உன் நம்பரைத் திறந்துவிட்டேன். கூப்பிடு.

வத்தி


ஏப்ரல் 5

நீ கூப்பிடவில்லை. நான் கூப்பிட்டேன். அடித்துக்கொண்டே இருந்தது. ஒரு தடவை எடுத்தாய். பின்னால் பட்டறைச் சத்தம் கேட்டது. மெஷின் ஓடுகிற சத்தம். வைத்துவிட்டாய்.

அத்தையிடம் பேசினேன். எனக்கும் அவருக்கும் ஆகாது என்று உலகத்துக்கே தெரியும், அவரே அழுதார். "காலைல பல்லால பொத்தானைப் போட்டுக்கிட்டுப் போறான்மா. நான் போட்டு விடறேன்னா கத்தறான். நீ சொன்னாக் கேப்பான்"ன்னார். நான் சொன்னால் நீ கேட்பாய் என்று இன்னும் நம்புகிற ஒரே ஆள் அவர்தான். அந்த ஸ்கூட்டரும் எடுக்காமல் நிற்கிறதாம், தூசி படிந்து. பஸ்ஸில் போகிறாயாம். இடது கைப் பிரேக்கும் பிடிபடவில்லையா? அவர் சொல்லவில்லை, எனக்குத் தெரிந்துவிட்டது.

நான் வந்து நின்றால் நீ கதவைத் திறப்பாயா என்று எனக்குத் தெரியவில்லை. வந்து, நீ வேலைக்குப் போவதை வாசலில் நின்று பார்க்க என்னால் முடியாது. அதனால் முதலில் நீ ஒன்று செய். மன்னிப்பு வேண்டாம். அலுவலகம் வேண்டாம். மற்றவர்கள் கதை வேண்டாம். என்னோடு வாழ்கிறாயா இல்லையா என்பதைக்கூட இப்போது சொல்ல வேண்டாம்.

இது கைக்கு வந்த மறுநாள் காலை அந்த மெஷினை எடுக்காதே. எடுக்கவில்லை என்று எனக்கு ஒரு வரி எழுது.